ஊசியில் என்ன இருந்தது என்று எழுதிவைக்காத கழகம்

2013 பிப்ரவரி 5 அன்று எசண்டன் கால்பந்துக் கழகத்தின் தலைவர் டேவிட் எவன்ஸ், தலைமை நிர்வாகி இயன் ராப்சன், பயிற்சியாளர் ஜேம்ஸ் ஹெர்டு ஆகிய மூவரும் செய்தியாளர்கள் முன் அமர்ந்தார்கள். முந்தைய ஆண்டு தங்கள் வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊட்டப்பொருள்களைப் பற்றித் தங்களுக்கே ஐயம் எழுந்திருப்பதாகவும், விசாரிக்கும்படி ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்சத் தொடரை நடத்தும் ஏ.எஃப்.எல். அமைப்பையும் ஆஸ்திரேலிய ஊக்கமருந்துத் தடுப்பு ஆணையமான அசாடாவையும் தாங்களே கேட்டுக்கொண்டிருப்பதாகவும் அறிவித்தார்கள். அப்போது நான் மெல்போர்னின் வடமேற்குப் புறநகர் ஒன்றில், அந்தக் கழகத்தின் பழைய மைதானமான விண்டி ஹில்லுக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு மருந்தகத்தில் மருந்தாளுநராக வேலை பார்த்துவந்தேன். அந்த வட்டாரத்தில் கறுப்பும் சிவப்புமான எசண்டன் கழுத்துத்துண்டு இல்லாத வீடு அரிது. இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த முதியவர்கள் முதல் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்த தாய்மார்கள் வரை அந்த வாரம் முழுக்க என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: பையன்களுக்கு அப்படி என்னதான் ஊசி போட்டார்கள்?

அந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுமையான விடை கிடையாது. நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள், விசாரணை அறிக்கைகள் என்று ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஓடிய பிறகும், எந்த வீரருக்கு எந்த நாளில் எந்த மருந்து எவ்வளவு செலுத்தப்பட்டது என்பதைக் காட்டும் பதிவேடு ஒன்று வெளிவரவில்லை. மற்றவர்கள் இந்த விவகாரத்தை ஊக்கமருந்து மோசடியாகவோ நிர்வாகத் தோல்வியாகவோ பார்க்கலாம். மருந்துச் சீட்டுகளோடு காலம் கழிப்பவன் என்பதால் என் கண்ணுக்கு அது முதலில் பதிவேடு இல்லாத ஒரு மருந்து விநியோகமாகத்தான் தெரிந்தது. அதன் அதிர்வுகள் எங்கள் சிறிய புறநகர்க் கழகம் வரை வந்து சேர்ந்ததையும், அதற்குப் பிறகு விளையாடும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்லிவரும் நடைமுறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே ‘ஃபுட்டி’ என்று எல்லோரும் சொல்வது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. நீள்வட்ட மைதானத்தில் அணிக்கு 18 பேர் இறங்கி, முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் கடத்திச் செல்லும் ஆட்டம் அது. அதன் உச்சப் போட்டித் தொடர்தான் ஏ.எஃப்.எல். எசண்டன் 16 முறை பட்டம் வென்ற பழம்பெரும் கழகம். ஜேம்ஸ் ஹெர்டு அதன் முன்னாள் அணித் தலைவர், 2000ஆம் ஆண்டுப் பட்டத்தை வென்ற அணியை நடத்தியவர். அவர் பயிற்சியாளராகத் திரும்பி வந்தபோது சாமியே கோயிலுக்குத் திரும்பிவிட்டதுபோல இந்த வட்டாரம் கொண்டாடியது.

2011ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டீபன் டாங்க் என்ற விளையாட்டு அறிவியலாளர் எசண்டனில் சேர்ந்தார். 2012 பருவத்துக்கு முன்பும் பருவத்தின்போதும் வீரர்களுக்குத் தொடர்ச்சியாக ஊசிகள் போடப்பட்டன. பல பத்தாண்டுகளாகக் கழக மருத்துவராக இருந்த புரூஸ் ரீட், தம்மைக் கலந்துகொள்ளாமல் காரியங்கள் நடப்பதைக் கண்டு 2012 ஜனவரியிலேயே தம் கவலையைக் கடிதமாக எழுதினார். ஆனாலும் ஊசிகள் தொடர்ந்தன. கழக மருத்துவரே எழுத்தில் எச்சரித்த ஒன்று எப்படித் தொடர முடிந்தது என்று அப்போது பலரும் வியந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. வெற்றிக்காகத் தவித்துக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பில், நிதானமாகப் பேசும் வயதான மருத்துவரின் குரலைவிட, புதிதாக வந்து புதுப் பெயர்களைச் சொல்பவரின் குரலுக்கே மதிப்பு அதிகம். மருந்தகத்திலும் இதை அன்றாடம் பார்க்கிறோம்.

வீரர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நான்கு பொருள்கள் குறிப்பிடப்பட்டிருந்தன: ஏஓடி-9604, தைமோசின், கொலஸ்ட்ரம், டிரிபுலஸ். பின்னிரண்டும் நமக்குத் தெரிந்தவைதான். கொலஸ்ட்ரம் என்பது கன்று ஈன்ற பசுவின் சீம்பால். டிரிபுலஸ் என்பது நம் ஊர்த் தரிசு நிலங்களில் காலைக் குத்தும் நெருஞ்சி. இவை இரண்டும் வாய்வழியாக எடுத்துக்கொள்பவை. முன்னிரண்டும் ஊசி. தைமோசின் வாரத்துக்கு ஒன்று வீதம் ஆறு வாரங்களுக்கு என்று எழுதியிருந்தது. இவையெல்லாம் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதிகளுக்கு உட்பட்டவை என்ற உறுதிமொழியும் அதே தாளில் இருந்தது.

ஒரு மருந்தாளுநர் அந்தத் தாளைப் பார்த்தால் முதலில் கேட்பது, எந்தத் தைமோசின் என்பதுதான். தைமோசின் ஒரு குடும்பப் பெயர். தைமோசின் ஆல்ஃபா 1 வேறு, தைமோசின் பீட்டா 4 வேறு, தைமோமோடுலின் என்று வழங்குவது வேறு. இவற்றில் பீட்டா 4 வாடாவின் தடைப் பட்டியலுக்குள் வருவது. மனிதப் பயன்பாட்டுக்கு எந்த நாடும் பொது ஒப்புதல் தராத பொருள். திசுக்கள் விரைவாக ஆறும், காயத்திலிருந்து சீக்கிரம் மீளலாம் என்ற நம்பிக்கையில் விளையாட்டு உலகின் ஓரங்களில் புழங்கியது. ஏஓடி-9604இன் கதை இன்னும் விசித்திரம். அது இதே மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உடல் பருமனுக்கு மருந்தாகத் தொடங்கப்பட்டு, சோதனைகளில் எதிர்பார்த்த பலன் தராமல் கைவிடப்பட்டது. எந்த அரசு அமைப்பும் சிகிச்சைக்கு ஒப்புதல் தராத பொருள் என்பதால் அதுவும் தடைக்குள் அடங்கும் என்று வாடா 2013 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அவ்வாறிருக்க, தைமோசின் என்று மட்டும் எழுதி, வகை, செறிவு, தயாரித்தவர், தொகுப்பு எண் ஆகிய எதுவும் இல்லாமல் நாற்பது பேர் வரை கையெழுத்துப் போடும்படி ஒரு தாளை நீட்டுவது, சீட்டில் ‘மாத்திரை, தினம் ஒன்று’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அப்படி ஒரு சீட்டு என் மேசைக்கு வந்தால் நான் மருந்தைத் தொடமாட்டேன். எழுதியவரைத் தொலைபேசியில் அழைப்பேன்.

இங்கே சாதாரண ஆன்டிபயாட்டிக் ஒரு டப்பா வாங்கினாலும் அதன்மேல் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், வலிமை, உட்கொள்ளும் முறை, கொடுத்த தேதி, மருந்தகத்தின் பெயர் எல்லாம் அச்சாகி ஒட்டப்படுகின்றன. கலவை மருந்து என்றால் எந்தப் பொருளை எங்கிருந்து வாங்கி, எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்துக் கலந்தோம் என்பதும் பதிவாகும். இவ்வளவு கட்டுப்பாடுள்ள ஊரில், பல கோடி டாலர் புழங்கும் ஒரு கழகத்துக்குள் ஊசிகள் பெயரில்லாமல் புழங்கின என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. கழகமே கேட்டுக்கொண்டதன்பேரில் அதன் நிர்வாகத்தை ஆராய்ந்த ஸிகி ஸ்விட்கவ்ஸ்கி 2013 மே மாதம் அளித்த அறிக்கையும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: மருந்துகளைக் கொண்டு சோதனை செய்து பார்க்கும் சூழல் அங்கே நிலவியது, அதைச் சரியாகக் கட்டுப்படுத்தவோ கேள்வி கேட்கவோ ஆவணப்படுத்தவோ யாரும் முன்வரவில்லை.

அதன் பிறகு நடந்த சட்டப் போராட்டங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அவற்றைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. 2013 ஆகஸ்டில் ஏ.எஃப்.எல். கழகத்துக்கு 20 லட்சம் டாலர் அபராதம் விதித்து, அந்த ஆண்டின் இறுதிச் சுற்றுகளிலிருந்து விலக்கி, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் பறித்தது. ஹெர்டுக்கு 12 மாத இடைநீக்கம். ராப்சனும் எவன்ஸும் அதற்கு முன்பே பதவி விலகியிருந்தார்கள். விசாரணை நடந்த முறையே செல்லாது என்று கழகமும் ஹெர்டும் தொடுத்த வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. 34 வீரர்கள் மீதான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று ஏ.எஃப்.எல். தீர்ப்பாயம் 2015 மார்ச் 31 அன்று அறிவித்தது. வீரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நிம்மதி மே மாதம் வாடா மேல்முறையீடு செய்யும் வரைதான் நீடித்தது. 2016 ஜனவரி 12 காலையில், சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 34 பேரும் தைமோசின் பீட்டா 4 செலுத்திக்கொண்டவர்கள் என்று தீர்ப்பளித்தது என்ற செய்தி எங்களை எட்டியது. இரண்டு ஆண்டுத் தடை. முன்பே கழிந்த காலம் போக, 2016 பருவம் முழுவதும் ஆட முடியாது.

அன்றைக்கு மருந்தகத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கோபத்தில் இருந்தார்கள். ஒரு மாதிரியில்கூட மருந்து கண்டுபிடிக்கப்படவில்லையே, பின் எப்படித் தண்டனை என்பதுதான் அவர்கள் வாதம். இரசிகர்களுக்கு அது ஆறுதலான வாதம். ஆனால் வலுவான வாதமில்லை. ஒரு பொருளைக் கண்டறிய நம்பகமான பரிசோதனை அப்போது இல்லை என்றால், அது உடலுக்குள் போகவில்லை என்று ஆகிவிடாது. நடுவர் நீதிமன்றம் குறுஞ்செய்திகள், பொருள் வந்த வழி, ஒப்புதல் படிவங்கள், வீரர்கள் தாங்களே சொன்ன வாக்குமூலங்கள் ஆகியவற்றைத் தனித்தனிக் கண்ணிகளாக எடுத்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்க்காமல், ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டது. சோதனைக்கு மாதிரி கொடுத்தபோது நிரப்ப வேண்டிய படிவத்தில் எந்த வீரரும் அந்தத் தைமோசின் ஊசியைக் குறிப்பிடாததும் அவர்களுக்கு எதிராகவே போய்ச் சேர்ந்தது. தனக்குள் போகும் பொருளுக்குத் தானே பொறுப்பு என்பது ஊக்கமருந்து விதியின் அடிப்படை. கழகம் கொடுத்தது, மருத்துவர் இருக்கிறார் என்று நம்பினேன் என்பவை தண்டனையைக் குறைக்க உதவலாம்; பொறுப்பை அவை நீக்குவதில்லை.

இதில் என் முடிவு கொஞ்சம் கறாரானது. தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த 34 பேரைத் தண்டனைக்குத் தள்ளியது அவர்கள் போட்டுக்கொண்ட ஊசி மட்டுமில்லை. போட்டது வேறு, இது இல்லை என்று காட்ட ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் கழகத்திடம் இருந்திருந்தால், அதுவே அவர்களின் முதல் சாட்சியாக நின்றிருக்கும். அது இல்லாததால், குற்றமற்றவர்களாக இருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லாத நிலையில் அவர்கள் நின்றார்கள். பின்னாளில் ஒரு முன்னாள் வீரர், தன் உடலில் செலுத்தப்பட்டது என்ன என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே கழகத்துக்கு எதிராக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அந்த வீரர்களில் பலர் அப்போது இளம் தந்தைகள் அல்லது தந்தையாகவிருந்தவர்கள். அவர்களுடைய மனைவிமாரின் கவலை பட்டம் பற்றியதோ பதக்கம் பற்றியதோ இல்லை.

தடை என்றால் ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்பது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆண்டு அதன் முழு அளவையும் நாங்கள் பார்த்தோம். அப்போது எசண்டனில் மிஞ்சியிருந்த 12 பேர் கழகத்துக்குள் பயிற்சி செய்ய முடியாது. தடை முடியும் தறுவாயில் மட்டுமே பயிற்சிக்குத் திரும்பலாம். வேறு கழகங்களுக்கு மாறிவிட்டவர்களும் உட்கார வேண்டியதாயிற்று. போர்ட் அடிலெய்டில் இருந்த பேட்ரிக் ரைடரும், செயின்ட் கில்டாவில் இருந்த ஜேக் கார்லைலும் அவ்வாறு புதிய கழகத்தின் பருவத்தைப் பழைய கழகத்தின் கணக்கில் இழந்தார்கள். ஓய்வு பெற்று இன்னொரு கழகத்தில் பயிற்சிப் பணியில் இருந்த மார்க் மெக்வேயும் அந்த வேலையிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. உள்ளூர்ப் புறநகர்க் கழகத்தில் பொழுதுபோக்காக ஆடுவதற்கும் அனுமதியில்லை. எங்கள் லீகில் ஆடும் பையன்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. ஏனென்றால் அதுவரை ஊக்கமருந்து விதி என்பது தொலைக்காட்சியில் தெரியும் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

எசண்டன் வெளியிலிருந்து பத்துப் பேர் வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்று, ஓய்வு பெற்றவர்களையும் கைவிடப்பட்டவர்களையும் கொண்டு 2016இல் ஆடியது. பருவத்தின் இரண்டாவது வாரத்தில் மெல்போர்ன் அணியை வென்றபோது பட்டம் வென்றதுபோல ஊர் ஆர்ப்பரித்தது. மொத்தமே மூன்று வெற்றிகள். 1933க்குப் பிறகு முதல் முறையாகக் கழகம் கடைசி இடத்தில் முடித்தது. அணித் தலைவராக இருந்த ஜோப் வாட்சன் அந்த ஆண்டின் ஒரு பகுதியை நியூயார்க்கில் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்துக் கழித்தார். 2012இல் அவர் வென்ற பிரௌன்லோ பதக்கம், ஆண்டின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்குத் தரப்படுவது. அதை 2016 நவம்பரில் அவரே திருப்பிக் கொடுத்தார். அது சாம் மிட்செலுக்கும் டிரென்ட் காட்சினுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இந்த இரைச்சலில் ஒரு செய்தி சத்தமில்லாமல் கடந்துபோனது. 2016 ஜனவரி இறுதியில், பாதுகாப்பான பணியிடத்தை வழங்கத் தவறிய குற்றத்துக்காக மெல்போர்ன் நீதிமன்றம் ஒன்று எசண்டனுக்கு 2 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வழக்குத் தொடுத்தது விக்டோரியா மாநிலத்தின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு. கழகம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தொழிற்சாலையில் இயந்திரத்துக்குக் காப்புத் தகடு பொருத்தாத முதலாளி மீது பாயும் அதே சட்டம்தான். என் பார்வையில் முழு விவகாரத்தையும் சரியாகப் பெயரிட்டு அழைத்தது அந்த வழக்கு. வீரர்கள் ஊழியர்கள், அவர்கள் உடலில் என்ன செலுத்தப்படுகிறது என்று தெரிந்துவைத்திருப்பது முதலாளியின் கடமை.

எங்கள் புறநகர்க் கழகத்தில் என் மகன் ஆடிவந்தான். நான் முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டில் நிற்கும் தன்னார்வலர்களில் ஒருவன். எசண்டன் அறிவிப்புக்குப் பிறகு வந்த குளிர்காலத்தில், வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்து பையன்கள் காலணிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பதினேழு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் தன் பையிலிருந்து கறுப்பு டப்பா ஒன்றை எடுத்து நீட்டினான். பயிற்சிக்கு முன் தண்ணீரில் கலந்து குடிக்கும் தூள்.

“அங்கிள், இது கடையிலதானே விக்குது? தடை பண்ணினதா இருந்தா எப்படி விப்பாங்க?”

“தம்பி, கடைக்கு ஒரு சட்டம், மைதானத்துக்கு ஒரு சட்டம். பின்பக்கத்தைத் திருப்பு, பார்ப்போம்.”

பின்பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் பதினைந்து பொருள்களின் பெயரும் அவற்றின் மொத்த எடையும் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது இல்லை. அவற்றில் மூன்று தாவரச் சாறுகள், லத்தீன் பெயரில். இத்தகைய தூள்களில் டி.எம்.ஏ.ஏ. என்ற ஊக்கி முன்பு பரவலாக இருந்து, விளையாட்டு வீரர்கள் பலரைச் சிக்கவைத்தது. ஹைஜெனமைன் என்ற இன்னொன்று தாவரச் சாற்றின் பெயருக்குள்ளேயே மறைந்து வரும். இதில் தடைப் பொருள் இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று அவனிடம் சொன்னேன். அவன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, அறுபது டாலர் போச்சே என்றான்.

அந்தப் பருவம் முடிவதற்குள் கழகக் குழுவிடம் ஒரு பக்க விதி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கழகத்தின் பெயரால் யாரும் யாருக்கும் ஊசி, மாத்திரை, தூள் எதையும் தரக் கூடாது. பயிற்சியாளர் எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது. பிள்ளை ஏதாவது எடுத்துக்கொண்டால் பெற்றோர் அதன் பெயர், தொகுப்பு எண், தொடங்கிய தேதி, பரிந்துரைத்தவர் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். நாம் என்ன எசண்டனா என்று பொருளாளர் சிரித்தார். சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை தொத்திறைச்சி விற்று நிதி திரட்டும் கழகத்துக்கு இது அதிகப்படிதான் என்று சிலர் கருதினார்கள். தேசிய விளையாட்டு அமைப்பின் உறுப்பினராகப் பதிவானவர் எந்த நிலையில் ஆடினாலும் விதி அவரைக் கட்டுப்படுத்தும் என்பதைக் காட்டிய பிறகு, முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. அவை எந்த ஆங்கிலக் கையேட்டிலும் இருப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால், பக்கத்து மருத்துவர் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவது நம் ஊர் வழக்கம். ஊக்கமருந்து விதிப்படி, 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், அது வெறும் உப்பு நீராக இருந்தாலும், தடைசெய்யப்பட்ட முறை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு. ஆகவே உண்மையாகவே தேவைப்பட்டு ஏற்றினால், மருத்துவமனையின் பெயர், காரணம், ஏற்றிய பொருள், அளவு எல்லாம் எழுதிய சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் விதியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். சிகிச்சைதான் முதலில், சீட்டு பிறகு.

இரண்டாவது, காகிதப் பொட்டலம். நான்கு நிற மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு, காலை, இரவு என்று மட்டும் எழுதித் தரும் சிறு கிளினிக்குகளை நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ ஏழைகளுக்கு அவை உதவுகின்றன. ஆனால் விளையாடும் பிள்ளைக்கு அதை வாங்கும்போது, ஒவ்வொரு மாத்திரையின் அட்டையையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கில் ஒன்று பல நேரங்களில் ஸ்டீராய்டாக இருக்கும். பிரெட்னிசோலோன் வகைகளை வாய்வழியாகவோ ஊசியாகவோ எடுப்பது போட்டிக் காலத்தில் தடை.

மூன்றாவது, பாட்டி அனுப்பும் இலேகியம். இதில் நான் மனத்தாங்கலைச் சம்பாதித்ததுண்டு. வீட்டில் இடித்துக் கிளறிய இஞ்சி இலேகியத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உடல் தேற்றும், தசை வளர்க்கும் என்று டப்பாவில் விற்கும் சூரணங்களைத்தான் வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் அவற்றுள் என்ன கலந்திருக்கிறது என்பதை டப்பா சொல்லும் வார்த்தையைத் தவிர வேறெதனாலும் அறிய வழியில்லை.

சரிபார்ப்பதற்கு வழிகள் இருக்கின்றன. அசாடாவின் பணி இப்போது ஸ்போர்ட் இன்டெக்ரிட்டி ஆஸ்திரேலியா என்ற அமைப்பிடம் இருக்கிறது. அதன் செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். மருந்துகளுக்கு குளோபல் டி.ஆர்.ஓ. என்ற தேடல் தளம் உண்டு. இங்கே ஒரு நுணுக்கம்: அதில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளில் விற்கும் மருந்துப் பெயர்கள்தான் இருக்கும், இந்தியப் பெயர்கள் இராது. எனவே ஊரில் வாங்கிய மருந்தை அதன் வணிகப் பெயரால் தேடாமல், அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருளின் பெயரால் தேடுங்கள். இந்தியாவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவும் தன் செயலி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. தேடி முடித்ததும் வரும் குறிப்பு எண்ணோடு பக்கத்தைச் சேமித்துக்கொள்வது நல்லது. சரிபார்த்தேன் என்று வாயால் சொல்வதற்கும் சரிபார்த்த தேதியைக் காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு.

குளோபல் டி.ஆர்.ஓ. தளத்தில் புரதத் தூள் போன்ற ஊட்டப்பொருள்களைத் தேட முடியாது. அவற்றுக்குத் தொகுப்புவாரியாகப் பரிசோதித்துச் சான்று தரும் ஹாஸ்டா, இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போன்ற முத்திரைகள் உள்ளன. முத்திரை இருந்தால் மட்டும் போதாது. டப்பாவின் அடியில் அச்சிட்ட தொகுப்பு எண் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் அபாயத்தைக் குறைக்குமே தவிர முற்றாக நீக்காது. பருப்பும் முட்டையும் பாலும் கிடைக்கும் வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தச் செலவு தேவையா என்று நான் முதலில் கேட்பேன்.

ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமால் பம்ப் பயன்படுத்தும் பிள்ளைகளுக்கு வழக்கமான அளவில் தடையில்லை. 24 மணி நேரத்துக்கு 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் போகாமல் என்பது வரம்பு. டெர்பியூட்டலின் பம்ப் அப்படியில்லை. அதற்கு முன் அனுமதி வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிள்ளைக்கும், கவனக் குறைபாட்டுக்கு மெத்தில்ஃபெனிடேட் எடுக்கும் பிள்ளைக்கும் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி என்று ஒன்று இருக்கிறது. எந்த நிலையில் ஆடுகிறவர் எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பது மாறுபடும் என்பதால் மருத்துவரின் கடிதத்தையும் பரிசோதனை முடிவுகளையும் முன்கூட்டியே சேர்த்துவையுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு ஆட அனுப்பிய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத ஆபத்து.

பிள்ளை ஒருநாள் சோதனைக்கு அழைக்கப்பட்டால், கடந்த ஏழு நாள்களில் எடுத்த மருந்து, ஊட்டப்பொருள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதச் சொல்வார்கள். வெட்கப்படவோ மறைக்கவோ அதில் ஒன்றுமில்லை; தலைவலி மாத்திரை வரை எழுதச் சொல்லுங்கள். எசண்டன் வீரர்களின் வெற்றுப் படிவங்கள் பின்னால் எப்படிப் படிக்கப்பட்டன என்பதை மேலே சொல்லிவிட்டேன். கழகமோ அகாடமியோ உங்களிடம் ஒப்புதல் படிவம் நீட்டினால், பொருளின் முழுப் பெயரும் அளவும் தயாரித்தவரும் எழுதப்படாத இடத்தில் கையெழுத்து வேண்டாம். எழுதித் தந்தாலும் உடனே போட வேண்டாம். ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தக் கழகத்திடம் சம்பளம் வாங்காத ஒரு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள்.

இந்தத் தாள்களையும் படங்களையும் எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று பெற்றோர் கேட்பதுண்டு. வாடா விதிப்படி, ஒரு மீறல் நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து பத்து ஆண்டுகள் வரை நடவடிக்கை எடுக்கலாம்; சேமித்த மாதிரிகளையும் அதுவரை மறுபரிசோதனை செய்யலாம். பதினைந்து வயதில் எடுத்த மருந்துக்கு இருபத்தைந்து வயதில் விளக்கம் கேட்கப்படலாம் என்பதால், பத்து ஆண்டுகளும் வைத்திருங்கள். பிள்ளை வீட்டை விட்டுத் தனியே போகும்போது அந்தக் கோப்பை அவனிடமோ அவளிடமோ கொடுத்து, தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்.